"அரண்மனை இன்று மூடியிருக்கிறது" என்றார் ஒரு பெரியவர்: வெளிநாட்டில் ஏமாறாமல் ஊர் சுற்றுவது எப்படி?

1 · நத்தைக்கூடு

வெட்கத்தை விட்டுவிட்டு எழுதுகிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். சிரித்த பிறகு பதில் போட்டுவிட்டுப் போங்கள்.

போன மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு பாங்காக் போயிருந்தேன். இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அரண்மனையின் வெளிமதிலை ஒட்டி நடந்துகொண்டிருந்தோம். வெள்ளைச் சட்டை போட்ட, தலை நரைத்த ஒருவர் எதிரே வந்தார். கழுத்தில் ஏதோ அட்டை தொங்கியது. அம்மாவா, நல்லது நல்லது என்று இரண்டு நிமிடம் பேசிவிட்டு, "இப்போது உள்ளே பிக்குகளின் பூஜை நடக்கிறது, ஒரு மணிக்கு மேல்தான் வெளிநாட்டவரை விடுவார்கள்" என்றார். எங்கள் வரைபடத்தை வாங்கி மூன்று இடங்களை வட்டமிட்டுக் கொடுத்தார், இன்று நகைக் கற்களுக்கு வரிவிலக்கு உண்டு என்றும் சொன்னார். அதற்குள் ஒரு டுக்டுக் வந்து நின்றது. மூன்று இடமும் சுற்றிக்காட்ட இருபது பாத்தாம். இவ்வளவு மலிவா என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதோடு சரி.

முதலில் ஒரு சின்னக் கோயில். உள்ளே ஒரே ஒருவர் உட்கார்ந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவராகப் பேசவில்லை. அம்மாதான் அவரைப் பார்த்துச் சிரித்தார், அவரும் சிரித்தார். வெளிநாட்டில் வக்கீலாக இருக்கிறாராம், விடுமுறைக்கு வந்தாராம். பேச்சுவாக்கில், நகைக் கற்களுக்கு வரிவிலக்குக் கொடுக்கும் கடைசி நாள் இன்றுதான் என்றும், போன முறை தான் வாங்கிப் போய் விற்றதில் பயணச் செலவே தேறிவிட்டது என்றும் சொன்னார். எங்களை எங்கேயும் கூப்பிடவில்லை. நாங்கள் கிளம்பினோம். டுக்டுக் அடுத்துப் போய் நின்ற இடம் கல் கடை.

ஒரு நீலக்கல் மோதிரம், கார்டில் பணம். ஊர் திரும்பியதும் மதிப்புப் பார்த்தால், கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது என்கிறார்கள். அதைவிட உறுத்துவது வேறு. அன்று மாலை ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண் "அரண்மனை எப்படி இருந்தது?" என்று கேட்டாள். மூடியிருந்ததே என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் கணினியைப் பார்த்தாள்.

அடுத்த மாதம் இதே அம்மாவுடன் பாரிஸ், ரோம், பிராக். யார் சிரித்தாலும் பதிலுக்குச் சிரிக்கிற அம்மா. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

2 · சும்மாசுற்றி

உங்களுக்கு வக்கீலா? எனக்கு வந்தவர் பள்ளி ஆசிரியர். மற்றபடி அதே கோயில், அதே மௌனம், அதே கடைசி நாள். பல வருடமாக அந்தக் கடைசி நாள் முடியவே மாட்டேன் என்கிறது.

3 · வழித்துணை

சுற்றுலாக் குழுக்களை அழைத்துப் போவது என் பிழைப்பு. அந்த மதிலோரம் என் குழுவில் இருந்தவர்களே எத்தனையோ பேர் கழன்று போயிருக்கிறார்கள், எனவே வெட்கப்பட ஒன்றுமில்லை.

நடந்ததை ஒரு நாடகமாகப் பாருங்கள். நரைத்த பெரியவருக்கு ஒரு வேலைதான்: உங்கள் அன்றைய திட்டத்தைக் கலைப்பது. அவர் எதையும் விற்கவில்லை, அதனால் அவர்மேல் சந்தேகம் வராது. டுக்டுக்காரருக்கு உங்களைக் கொண்டுபோய் இறக்குகிற வேலை. கடையில் கமிஷன் உண்டு. நீங்கள் ஒன்றும் வாங்காவிட்டாலும் பல கடைகள் பெட்ரோல் கூப்பனாவது கொடுக்கும், இருபது பாத்துக்கு ஊர் சுற்றிக்காட்ட முடிவது அதனால்தான். கோயிலில் உட்கார்ந்திருந்த வக்கீல்தான் முக்கியமான பாத்திரம். முதல் ஆள் சொன்னதை அவரைத் தெரியாத இரண்டாவது ஆளும் உறுதிப்படுத்தினால் நம் மனம் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளும். சம்பந்தமே இல்லாத இரண்டு பேர் ஒரே பொய்யை ஏன் சொல்லப்போகிறார்கள்? சம்பந்தமே இல்லை என்று நாம் முடிவு செய்துகொள்கிற இடத்தில்தான் சிக்கல். கூட்டுக் களவாணிகள் கைகுலுக்கிக்கொண்டா நிற்பார்கள்?

அரண்மனை நாள்தோறும் காலை 8.30க்குத் திறக்கும். அரச சடங்கு இருந்தால் சில பகுதிகளை மூடுவதும் உண்டு, அதையும் டிக்கெட் கவுண்டரில் இருப்பவர் சொல்ல வேண்டும். தெருவில் போகிறவருக்கு அந்த வேலை இல்லை. வெளியாட்களை நம்பாதீர்கள் என்று அங்கேயே அறிவிப்பும் வைத்திருக்கிறார்கள். தாய்லாந்தில் சுற்றுலாக் காவல்துறைக்கு 1155. ஊரை விட்டுக் கிளம்பும் முன் அழைத்தால்தான் பயன்.

கல்லைக் கையில் கொடுக்காமல் தபாலில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம் என்று வற்புறுத்தினார்களா? அது இந்த ஆட்டத்தின் கடைசிக் காட்சி. கல் கையில் இருந்தால் மறுநாளே யாரிடமாவது காட்டிவிடுவீர்களே.

எங்கள் தொழிலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொள்வோம்: அவர் நம்மிடம் வந்தாரா, நாம் அவரிடம் போனோமா? நூறு பேர் நடக்கிற தெருவில் நீங்களாகப் பொறுக்கி வழி கேட்கும் ஆள் ஏமாற்றுக்காரராக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. நூறு பேரில் உங்களைப் பொறுக்கி எடுத்து வருகிறவரின் கணக்கு வேறு.

4 · எதிர்க்காற்று

வழித்துணை சார், மரியாதையோடு மறுக்கிறேன். வலிய வந்து பேசுகிறவர் எல்லோரும் திருடர் என்று நினைத்துக்கொண்டு போவதற்கு எதற்குப் பயணம்? வீட்டிலேயே இருந்துவிடலாம்.

கியோட்டோவில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் பலகையைப் பார்த்து முழித்துக்கொண்டு நின்றேன். ஒரு பாட்டி வந்து கையைப் பிடித்தார். பிடித்தபடியே இரண்டு தெரு தள்ளிக் கூட்டிப்போய், சரியான நிறுத்தத்தில் நிறுத்தி, பேருந்து வரும்வரை கூடவே நின்று, ஏற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். உங்கள் கணக்குப்படி நான் கையை உதறிவிட்டு ஓடியிருக்க வேண்டும். என் பயணங்களில் நினைவில் நிற்பதே இப்படிப்பட்ட நாலைந்து பேர்தான்.

நத்தைக்கூடு, அம்மாவைச் சிரிக்க வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

5 · நீலக்குடை

எனக்கு வழித்துணையின் விதி வேறு காரணத்தால் இடிக்கிறது. இஸ்தான்புல்லில் என் கணவருக்கு நடந்தது. முன்னால் போன ஷூ பாலிஷ்காரரின் பெட்டியிலிருந்து பிரஷ் கீழே விழுந்தது. அவர் கவனிக்காமல் போகிறார். நல்ல மனுஷர் நம்மவர், எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கொடுத்தார். அந்த ஆள் நெகிழ்ந்துபோய், இந்த உதவிக்கு உங்கள் ஷூவையாவது துடைக்கிறேன் என்று உட்கார்ந்தார். வேண்டாம் வேண்டாம் என்று இவர் சொல்லச் சொல்லவே கால் பெட்டிமேல் ஏறிவிட்டது. பாதி பாலிஷில் குழந்தைக்கு ஆபரேஷன் என்ற கதை ஆரம்பம். முடிவில் ஒரு தொகை கேட்டார். இவரும் கொடுத்தார். மறுநாள் பாலத்தருகே அதே ஆளின் பிரஷ் மறுபடி விழுந்ததை இரண்டு பேரும் நின்று பார்த்தோம்.

இங்கே யார் யாரிடம் போனது? என் கணவர்தான் அவரிடம் போனார். உங்கள் விதியில் அந்த ஆள் பாஸ்!

6 · வழித்துணை

சரியான அடி, ஒத்துக்கொள்கிறேன். பிரஷ் விழுகிற வித்தை என் விதிக்கென்றே செய்தது போல இருக்கிறது.

விதியைக் கொஞ்சம் திருத்துகிறேன். கியோட்டோ பாட்டி எதிர்க்காற்றை எங்கே கொண்டுபோனார்? அவர் போக நினைத்த இடத்துக்கு. பாங்காக் பெரியவர் நத்தைக்கூட்டை எங்கே அனுப்பினார்? தான் நினைத்த இடத்துக்கு. ஷூக்காரரும் அப்படித்தான்: உங்கள் கணவர் நினைத்தது பிரஷைக் கொடுத்துவிட்டு நடப்பது, அவர் நினைத்தது காலைப் பெட்டிமேல் ஏற்றுவது. பேசுவதில் ஆபத்தே இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். நம் திட்டம் மாறுகிற நிமிடத்தில் மட்டும், இதை மாற்றியது யார் என்று பார்த்தால் போதும்.

ஷாங்காய் தேநீர்க் கதையும் இதேதான். நான்ஜிங் சாலையில் இரண்டு கல்லூரி மாணவிகள் போட்டோ எடுத்துத் தரச் சொல்வார்கள். ஆங்கிலம் பேசிப் பழக ஆசை என்பார்கள். அரை மணி நேரம் நிஜமாகவே இனிமையான பேச்சு, ஒரு குறையும் இல்லை. அப்புறம், பக்கத்தில் தேநீர் விழா இருக்கிறது வாருங்களேன். சின்ன அறை, சின்னச் சின்னக் கோப்பை, பெரிய பில். அவர்களும் தங்கள் பங்கைக் கொடுப்பது போலக் காட்டுவார்கள். தேநீர் குடிக்க ஆசையா, நல்லது, கடையை நீங்கள் தேர்ந்தெடுங்கள். "இல்லை, அந்தக் கடைதான்" என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

7 · நாலிலக்கம்

இது எல்லாமே முகதாட்சண்யத்தில் விழுகிற அடி. இரண்டு நிமிடம் அன்பாகப் பேசிய ஆளிடம் "வேண்டாம்" என்று சொல்ல நாக்கு எழாது, அதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். நான் வங்கியில் கார்டு தகராறுகளைப் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். புகார் கொடுக்க வருபவர்கள் பாதிப் பேர் சொல்வது "தெரிந்தேதான் கொடுத்தேன், மறுக்க ஒரு மாதிரியாக இருந்தது" என்பதுதான்.

நத்தைக்கூடு, கார்டில் கொடுத்தீர்களே, வங்கியில் எழுத்தில் முறையிட்டீர்களா? பொருள் சொன்னபடி இல்லை என்ற காரணத்தில் முறையிட வழி உண்டு. பொதுவாக 120 நாள் கெடு. பின் நம்பரை நீங்களே அழுத்தியதால் கொஞ்சம் கஷ்டம்தான். கடை ரசீதில் என்ன கல் என்று எழுதியிருக்கிறது, மதிப்பீட்டில் என்ன வந்திருக்கிறது, இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள்.

ஐரோப்பா போகிறீர்கள் என்பதால் இன்னொன்று. இதைத் திருட்டு என்று சட்டம் சொல்லாது, ஆனால் ஒரு பயணத்தில் பிக்பாக்கெட்டிடம் போவதைவிட இதில் அதிகம் போகலாம். கடையில் கார்டைக் கொடுத்ததும் இயந்திரம் கேட்கும்: உங்கள் நாட்டுப் பணத்தில் எடுக்கவா, யூரோவில் எடுக்கவா? நம் பணத்தின் பெயரைப் பார்த்ததும் மனசு குளிர்ந்து அதையே தொட்டுவிடுவோம். அப்படித் தொட்டால் மாற்று விகிதத்தைத் தீர்மானிப்பது கடைக்கார இயந்திரத்தின் ஆட்கள். சில இடங்களில் அது பத்து விழுக்காட்டுக்கு மேலேயே தின்றுவிடும். எப்போதும் அந்த ஊர்ப் பணத்தையே தொடுங்கள். ஏடிஎம்மில் இது இன்னும் தந்திரமாக வரும். "மாற்று விகிதத்தை ஏற்கிறேன்", "மறுக்கிறேன்" என்று இரண்டு பொத்தான் இருக்கும். மறுத்தால் பணமே வராதோ என்று பயப்படுவீர்கள். மறுங்கள், பணம் வரும். விகிதத்தை உங்கள் வங்கி பார்த்துக்கொள்ளும். சுற்றுலாத் தெருவில் தனியாக நிற்கிற பெட்டிகளை விட்டுவிட்டு, வங்கிச் சுவரில் பதித்த இயந்திரமாகப் பார்த்துப் போங்கள்.

கடைக்காரர் உங்களைக் கேட்காமல் தானே பொத்தானை அழுத்துவதும் உண்டு. கையெழுத்துக்கு முன் சீட்டில் எந்த நாட்டுப் பணம் என்று பாருங்கள். வேறாக இருந்தால் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். சிணுங்குவார்கள், செய்வார்கள்.

8 · ரயில்பூச்சி

பாரிஸில் படித்தேன், அதனால் பாரிஸை நான் எடுத்துக்கொள்கிறேன்.

சாக்ரே கேர் தேவாலயத்துக்கு ஏறும் படிக்கட்டின் அடியில் நூல்காரர்கள் நிற்பார்கள். நட்புக் கயிறு என்று உங்கள் விரலில் நூலை மாட்டிப் பின்ன ஆரம்பித்துவிடுவார்கள். பின்னிக்கொண்டிருக்கும்போது கையை எப்படி இழுப்பது? அதுதான் சூட்சுமம். கைகளைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு நிற்காமல் நடங்கள். அம்மாவுக்குப் படி ஏறுவது சிரமம் என்றால் பக்கத்திலேயே கம்பி ரயில் இருக்கிறது, மேலே கொண்டுபோய் விட்டுவிடும். நூல்காரர்களையும் தாண்டிவிடலாம்.

சேன் நதிக்கரையில் மோதிரக்காரர்கள். உங்கள் காலடியில் குனிந்து ஒரு மஞ்சள் மோதிரத்தை எடுத்து "உங்களுடையதா?" என்பார்கள். இல்லை என்றால், தங்கம் போல இருக்கிறதே, எனக்குப் பொருந்தவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கையில் திணித்துவிட்டுப் போவது போலப் போவார்கள். பத்தடி போய்த் திரும்பி வந்து, சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்பார்கள். மோதிரம் பித்தளை.

கையெழுத்து வேட்டை இன்னொன்று. காது கேளாதோருக்காக என்று ஒரு அட்டையை நீட்டுவார்கள், பெரும்பாலும் சின்னப் பெண்கள். கையெழுத்துப் போட்டதும் நன்கொடை கேட்பார்கள். அல்லது நீங்கள் அட்டையில் குனிந்திருக்கும்போது அதன் கீழிருந்து இன்னொரு கை உங்கள் பைக்குள் போகும். ஐஃபிள் கோபுரத்தருகே கிண்ணத்துக்குள் உருண்டை மறைக்கும் ஆட்டம் நடக்கும். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலும் இதே கூட்டம்தான். அங்கே ஜெயித்துக் குதிக்கிற அத்தனை பேரும் அவர்கள் ஆட்களே.

விமான நிலையத்திலிருந்து பாரிஸ் நகருக்கு டாக்சிக்கு அரசு நிர்ணயித்த மாறாத கட்டணம் உண்டு. நதியின் வலக்கரைக்கு ஒன்று, இடக்கரைக்கு ஒன்று. வரிசையில் நிற்கும் டாக்சியில் ஏறினால் அதற்கு மேல் கேட்க முடியாது. வருகைக் கூடத்துக்குள்ளேயே வந்து "டாக்சி, டாக்சி" என்று கிசுகிசுப்பவர்கள் அந்த வரிசையைச் சேர்ந்தவர்கள் இல்லை. ரோமின் ஃபியுமிச்சினோ நிலையத்திலும் நகர மையத்துக்கு இப்படி நிர்ணயித்த கட்டணம் உண்டு.

9 · சும்மாசுற்றி

லிஸ்பனில் எங்களையும் மொட்டை அடித்தார்கள். கேட்காமலே ரொட்டி, ஆலிவ், வெண்ணெய் கொண்டுவந்து வைத்தார்கள். இலவசம் என்று தின்றோம். பில்லில் தனித்தனியாகப் போட்டிருந்தார்கள்!

10 · ரயில்பூச்சி

அண்ணே, அது மொட்டை இல்லை, போர்ச்சுகலில் வழக்கமே அதுதான். மெனுவிலேயே விலை இருக்கும். நீங்கள் கேட்காமல் வந்ததைத் தொடாமல் இருந்தால் காசு வாங்க முடியாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. தின்றால் காசு. இத்தாலியில் தலைக்கு இவ்வளவு என்று ஒரு மேசைக் கட்டணம் போடுவதும் இப்படித்தான், மெனுவில் எழுதியிருந்தால் கேள்வி கேட்க முடியாது. கேள்வி கேட்க வேண்டியது மீனைப் பற்றி. மெனுவில் இருப்பது நூறு கிராமுக்கான விலையாக இருக்கும். சமைக்கும் முன் எடை போட்டு மொத்தம் எவ்வளவு என்று சொல்லச் சொல்லுங்கள்.

11 · சும்மாசுற்றி

அப்போ நான் அந்த உணவகத்தைத் திட்டி எழுதின விமர்சனத்தை அழிக்க வேண்டுமா?

12 · ரயில்பூச்சி

அழித்துவிடுங்கள் அண்ணே.

13 · அரைடிக்கெட்

பிராக் பற்றி யாரும் சொல்லவில்லையே. அங்கே நான் இரண்டு வருடம் வேலை பார்த்தேன்.

செக் நாடு யூரோவில் இல்லை, கொருனா. பழைய நகரச் சதுக்கத்துப் பக்கம் ஒருவர் வந்து நல்ல விகிதத்தில் மாற்றித் தருகிறேன் என்பார். கையில் கொடுப்பது செல்லாத பழைய பெலாரஸ் ரூபிளாகவோ மதிப்புக் குறைந்த ஹங்கேரி ஃபோரிண்ட்டாகவோ இருக்கும். நோட்டில் நிறைய சைபர் இருப்பதால் புதிதாக வந்தவருக்கு வித்தியாசம் தெரியாது. தெருவில் மாற்றவே கூடாது, அவ்வளவுதான்.

கடை போட்டு உட்கார்ந்திருக்கும் மாற்றகங்களிலும் ஒரு காலத்தில் கொள்ளைதான். பெரிய எழுத்தில் விற்கும் விலையைப் போட்டு, நாம் கொடுத்தால் கிடைக்கும் விலையைப் பொடியாகப் போடுவார்கள். 2019 ஏப்ரலில் ஒரு சட்டம் வந்தது. உரிமம் உள்ள மாற்றகத்தில் மாற்றிய பணத்தை, 1000 யூரோ மதிப்பு வரை, மூன்று மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுத்து நம் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ரசீது மட்டும் முக்கியம். ரசீதோடு வெளியே வந்து, தெரு முனையில் நின்று போனில் அன்றைய விகிதத்தைப் பாருங்கள். உதைத்தால் திரும்பிப் போங்கள்.

14 · கடல்காகம்

பணம் எண்ணுவதைப் பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். பாலியில் சந்துக்குள் இருக்கிற சில மாற்றகங்களில் பலகையில் போட்டிருக்கும் விகிதம் ஊரிலேயே சிறந்ததாக இருக்கும். லட்சக்கணக்கான ருப்பியாவைச் சின்ன நோட்டாகக் கொடுத்து, உங்கள் கண் முன்னே எண்ணுவார்கள். நீங்களும் எண்ணுவீர்கள், சரியாக இருக்கும். "ஒரு நிமிடம்" என்று வாங்கி மேசையில் தட்டி அடுக்கித் திருப்பிக் கொடுப்பார்கள். அந்தத் தட்டலில் பத்துப் பதினைந்து நோட்டு மேசைக்குப் பின்னால் விழுந்திருக்கும். கடைசியாக எண்ணிய கை உங்களுடையதாக இருக்க வேண்டும். நடுவில் அவர் தொட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள்.

வியட்நாமில் 20,000 டாங்கும் 500,000 டாங்கும் இரண்டுமே நீலம். இருட்டில், டாக்சியில், அவசரத்தில் எடுத்து நீட்டினால் இருபத்தைந்து மடங்கு போகும். 500,000 நோட்டைப் பர்ஸில் தனி அறையில் வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும்போது தொகையை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

தாய்லாந்தில் பட்டாயா, புக்கெட் பக்கம் ஜெட் ஸ்கீ, ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கிறவர்களே, பாஸ்போர்ட்டை அடகாகக் கொடுக்காதீர்கள். திருப்பிக் கொடுக்கும்போது இந்தக் கீறல் நீ போட்டதுதான் என்பார்கள், பாஸ்போர்ட் அவர்கள் மேசை டிராயரில் இருக்கும். எனக்கு நடந்தது. ஏறுவதற்கு முன் சுற்றி வந்து வீடியோ எடுங்கள், அவர் முகம் தெரிய, அவர் பார்க்கும்படி. அதைப் பார்த்ததும் இன்று வண்டி இல்லை என்று சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

15 · தனிவழி

தனியாகப் போகும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. இதை யாரும் பேச மாட்டார்கள் என்பதால் நான் பேசுகிறேன். புடாபெஸ்டில் வாட்சி தெரு, இஸ்தான்புல்லில் தக்சிம் சுற்றுவட்டாரம். புடாபெஸ்டில் வருவது இரண்டு அழகான பெண்கள், இஸ்தான்புல்லில் நட்பான ஒரு ஆண். "நானும் இந்த ஊருக்குப் புதுசு, ஒரு கிளாஸ் குடிக்கலாமா?" பாரைத் தேர்ந்தெடுப்பது அவர்கள். விலைப்பட்டியல் வராது. பில் வரும்போது வாசலில் இரண்டு தடியர்கள் நிற்பார்கள், ஏடிஎம் வரை கூடவே நடந்து வருவார்கள். போலீசில் சொன்னால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று பலர் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை.

அப்படி மாட்டினால் சண்டை போடாதீர்கள். ரசீது கேட்டு வாங்குங்கள், முடிந்தால் ரொக்கத்தைத் தவிர்த்துக் கார்டில் கொடுங்கள், வெளியே வந்ததும் வங்கிக்கும் போலீசுக்கும் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் அவசர எண் 112.

16 · நீலக்குடை

போலீஸ் என்றதும் நினைவு வந்தது. சாதாரண உடையில் இரண்டு பேர் வந்து அட்டையை ஒரு நொடி காட்டி, கள்ள நோட்டுச் சோதனை, பர்ஸைக் காட்டுங்கள் என்பார்கள். சில சமயம் அதற்கு முன்பே ஒருவன் வந்து பணம் மாற்றலாமா என்று கேட்டிருப்பான், அவனையும் சேர்த்துப் "பிடிப்பார்கள்", அதனால் நம்பத் தோன்றும். நிஜப் போலீஸ் தெருவில் நின்று உங்கள் நோட்டுகளை எண்ணிக்கொண்டிருக்காது. பர்ஸைக் கொடுக்காமல், ஸ்டேஷனுக்கே வருகிறேன் வாருங்கள் என்று சொல்லிவிட்டு 112 அழுத்துங்கள். மாட்ரிட்டில் நான் அப்படித்தான் செய்தேன். இரண்டு பேருக்கும் உடனே வேறு வேலை வந்துவிட்டது.

ரோமில் தெருவில் துணி விரித்து விற்கும் போலிப் பிராண்டு கைப்பைகளை வாங்காதீர்கள். இத்தாலியில் வாங்குகிறவருக்கே அபராதம், 300 யூரோவிலிருந்து 7000 வரை போகலாம்.

17 · நாலிலக்கம்

கிளம்பும் முன்பே நடக்கிற மோசடியை விட்டுவிட்டோம். தாய்லாந்துக்கு 2025 மே 1 முதல் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம். சிங்கப்பூர், மலேசியா அட்டைகளும் இலவசம். தேடினால் முதலில் வருவது விளம்பரம். அரசு முத்திரை போலவே ஒன்றைப் போட்டுக் கட்டணம் கேட்கும், பாஸ்போர்ட் விவரத்தையும் வாங்கிக்கொள்ளும். முகவரியின் கடைசியைப் பாருங்கள்: தாய்லாந்து அரசுத் தளம் "கோ டாட் டிஎச்" என்று முடியும், சிங்கப்பூருடையது "கவ் டாட் எஸ்ஜி" என்று.

ஓட்டல் முன்பதிவு செய்த ஆப்பிலேயே, ஓட்டலின் பெயரிலேயே, கார்டைச் சரிபார்க்காவிட்டால் அறை ரத்தாகிவிடும் என்று செய்தி வரும். ஓட்டலின் கணக்கை யாரோ திருடி அனுப்புவது அது, அதனால்தான் உங்கள் பெயர், தேதி எல்லாம் சரியாக இருக்கும். இணைப்பைத் தொடாமல் ஓட்டலுக்குப் போன் போடுங்கள். விமான நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணைத் தேடலில் கண்டுபிடித்து அழைப்பதும் அதே அபாயம். டிக்கெட்டில் இருக்கும் எண்தான் எண்.

18 · எதிர்க்காற்று

நல்ல தகவல்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் படிக்கப் படிக்க உலகமே சிலந்தி வலை போலத் தெரிகிறது. கம்போடியாவின் சியம் ரீப்பில் ஒரு சிறுவன் பணம் வேண்டாம், தங்கைக்குப் பால்மாவு வாங்கிக் கொடுங்கள் என்றான். வாங்கிக் கொடுத்தேன். அவன் அந்த டின்னைக் கடைக்கே திருப்பி விற்பான் என்று பிறகு தெரிந்தது. உங்களைக் கேட்டால் ஏமாந்தாய் என்பீர்கள்.

19 · வழித்துணை

ஏமாந்தீர்கள்தான். அதில் கடைக்காரருக்கும் பங்கு, சிறுவனைத் தெருவுக்கு அனுப்பியவருக்கும் பங்கு. டின் விற்றுக்கொண்டிருக்கும் வரை அவன் பள்ளிக்கூடம் போக மாட்டான். கொடுக்க ஆசை இருந்தால் அங்கே குழந்தைகளுக்காக வேலை செய்யும் அமைப்பைத் தேடிப் போய்க் கொடுங்கள். பாருங்கள், மறுபடியும் நாமாகப் போவதுதான்.

20 · நத்தைக்கூடு

வந்துவிட்டோம். மூன்று வாரம் முடிந்தது. கணக்கு ஒப்படைக்கிறேன்.

பிராக்கில் அரைடிக்கெட் சொன்ன சட்டத்தைப் பயன்படுத்தியே விட்டேன். ஒரு மாற்றகத்தில் விகிதம் உதைத்தது. நாற்பது நிமிடத்தில் ரசீதோடு திரும்பிப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் பெருமூச்சு விட்டார், யூரோவைக் கொடுத்துவிட்டார். அம்மா "உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்றார். இந்த இழையைப் பற்றிச் சொல்லவில்லை.

ரோமில் நான் ஏமாந்தேன், நாலிலக்கம் மன்னிக்கவும். அவ்வளவு படித்தும், ஒரு காலணிக் கடையில் பசியோடு நின்று நம் பணத்தையே தொட்டுவிட்டேன். டெர்மினி நிலையத்தில் டிக்கெட் இயந்திரத்துக்கு உதவ ஒருவர் ஓடி வந்தார், அவரைத் தவிர்த்துவிட்டேன். தவிர்த்த சுறுசுறுப்பில் தவறான ரயிலுக்கு டிக்கெட் எடுத்தேன். அம்மா நேராக ஒரு பெஞ்சுக்குப் போய், பின்னல் போட்டுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் டிக்கெட்டை நீட்டினார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. அந்த அம்மாள் எழுந்து வந்து கவுண்டரில் சத்தம் போட்டு மாற்றிக் கொடுத்தார். எதிர்க்காற்றுக்கு இதை அர்ப்பணிக்கிறேன். வழித்துணையும் எடுத்துக்கொள்ளலாம், அம்மாதான் போய்க் கேட்டார்.

21 · வழித்துணை

பாதிப் பாதியாக எடுத்துக்கொள்கிறோம். நீலக்கல் மோதிரம் என்ன ஆயிற்று? வங்கி பதில் சொன்னதா?

22 · நத்தைக்கூடு

வங்கி இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது. மோதிரத்தை அம்மா கழற்றுவதே இல்லை. அழகாகத்தானே இருக்கிறது என்கிறார்.

பாரிஸில் சேன் கரையில் ரயில்பூச்சி சொன்ன ஆள் வந்தார். அம்மாவின் காலடியில் குனிந்து பித்தளை மோதிரத்தை எடுத்தார். நான் வாயைத் திறக்கும் முன் அம்மா தன் கையைத் தூக்கி நீலக்கல்லைக் காட்டி, "எங்களுக்குப் பாங்காக்கிலேயே கொடுத்துவிட்டார்கள்" என்றார், சுத்தத் தமிழில். அந்த ஆள் கல்லை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தார்.